எந்த ஆற்றை முதலில் சீர்செய்வது?

சென்னையினின்று தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் தாம்பரத்தைக் கடந்தால் இரும்புலியூர் வருகின்றது. சாலையை ஒட்டி ஏரி, சிறிது தொலைவில் பீர்க்கன்காரணை ஏரி, பக்கத்திலே இருப்புப்பாதை, அவ்விடத்திலிருந்து பிரிந்து புழல் நோக்கிச் செல்லும் புறவழிச்சாலை. ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் இங்கே கால்மணி நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு நீரியல் நூல் எதுவும் வேண்டுவதில்லை. மேற்கே விழுந்த மழை முடிச்சூர்ப் பக்கமாக இறங்கி அடையாற்றை நாடுகின்றது. கிழக்கே சேலையூர், செம்பாக்கம் பக்கம் விழுந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தேடிச் செல்கின்றது. இரண்டு வழிகளிலும் சாலை குறுக்கிடுகின்றது, மதில் குறுக்கிடுகின்றது, சில இடங்களில் வீடே குறுக்கிடுகின்றது.

நிர்வாகத்தின் கோடுகளோ நீரின் கோடுகளோடு ஒத்துப்போவதில்லை. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதனுள் அடங்கின. இரும்புலியூர் மாநகர் எல்லைக்குள் வந்தது. முடிச்சூர் ஊராட்சியாகவே நின்றது. நகரத்தில் புறப்படும் நீர் ஊராட்சிக்குள் புகுந்து வேறொரு மாவட்டத்தின் ஊராட்சியான வரதராசபுரத்தை அடைகின்றது. ஆகவே, “எங்கள் எல்லைக்குள் இருக்கும் வாய்க்காலை மட்டும் பார்த்தால் போதும்” என்று எந்த ஊராட்சி மன்றமும் சொல்லிவிட முடியாது.

ஒன்றியக் கூட்டங்களில் நான் பல்லாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. இருக்கும் பணமோ ஒரு வேலைக்குத்தான் போதும். கெட்டுப்போன ஓடைகளும் கால்வாய்களும் பத்து. அவற்றுள் எதை முதலில் எடுப்பது? உள்ளதைச் சொன்னால், இக்கேள்விக்கு இதுநாள்வரை பெரும்பாலும் இரண்டு வழிகளில் விடை கண்டிருக்கிறோம். உரக்கப் பேசும் உறுப்பினரின் வார்டில் உள்ள ஓடையை எடுப்பது ஒன்று. சாலையோரத்தில் நாற்றமடித்து எல்லோர் கண்ணிலும் படும் ஓடையை எடுப்பது மற்றொன்று. இரண்டும் தவறான வழிகள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்றம் எத்தனை வகை

மனிதன் ஓர் ஆற்றை மாற்றும் வகைகளைப் பிரித்தறிந்தாலன்றிச் சீர்செய்யும் வேலை தொடங்காது. ஆற்றின் பாதையை மாற்றுவது ஒரு வகை. வளைந்து செல்வதை நேராக்குவதும் இதில் அடங்கும். அகலத்தைக் குறைப்பது இரண்டாவது. மேலே அணை கட்டி நீரை நிறுத்துவதும், வேறிடத்து நீரைக் கொண்டுவந்து சேர்ப்பதும் மூன்றாவது. சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பது நான்காவது. வெள்ளக் காலத்தில் ஆறு பரந்து படுத்துக்கொள்ளும் தாழ்ந்த நிலத்தைப் பிடுங்கிக்கொள்வது ஐந்தாவது. நாம் பெரும்பாலும் நான்காவது வகையை மட்டுமே கெடுதல் என்று எண்ணுகிறோம். மூக்குக்கு எட்டுவது அது ஒன்றுதான்.

அடையாற்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய ஆறு இது. மலையில் பிறந்ததன்று, ஏரிகளின் மிகுநீரால் ஆனது. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால்தான் இதற்குத் தலைப்பகுதியில் ஓட்டம் உண்டு. (பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்று இம்மணிமங்கலம். 2017-ஆம் ஆண்டில் குடிமராமத்துத் திட்டத்தைத் தமிழக அரசு மீண்டும் தொடங்கியதும் இதே மணிமங்கலம் ஏரியில்தான்.) அங்கிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராசபுரம் ஊர்களை ஒட்டி வந்து, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரைத் திருநீர்மலைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, அனகாபுத்தூர், விமான நிலையம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலை அடைகின்றது.

இவ்வாற்றில் மேற்சொன்ன வகைகளுள் பெரும்பாலானவற்றைக் காணலாம். நகருக்குள் சாக்கடை. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதைக்காக ஆற்றின்மேலேயே ஒரு பாலம். முகத்துவாரத்தில் மணல்மேடு. மேற்பகுதியிலோ நாற்றம் குறைவு; ஆனால் ஏரி உள்வாயிலும் வரத்துக் கால்வாயிலும் ஆற்றோரத் தாழ்நிலத்திலும் மனைப்பிரிவுகள். 2014-இல் இப்பகுதி வழியாக வெளிவட்டச் சாலையும் உயர்ந்த கரையின்மேல் வந்து சேர்ந்தது. 2015-க்கு முன் ஒருவர் ஆற்றின் தலை முதல் கடை வரை நடந்து, “எப்பகுதி மிகவும் கெட்டிருக்கிறது?” என்று மூக்கை மட்டும் கேட்டிருந்தால் சைதாப்பேட்டை என்றுதான் விடை வந்திருக்கும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி வேறு விடை கொடுத்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இவ்வெண்ணை உறுப்பினர்கள் தங்கள் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 49 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர். நூறு ஏக்கருக்கு 20 கோடி லிட்டர். இது எங்கேனும் தங்க வேண்டும், அல்லது எவ்வழியாகவேனும் ஓட வேண்டும். தங்குமிடமும் ஓடுவழியும் வீடுகளாக மாறியிருந்தபடியால் நீர் வீடுகளில் தங்கியது. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் மக்களைப் படகில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கீழே, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. கோட்டூர்புரம் வரை கரையோரம் முழுகிற்று. விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. நாறாத பகுதியில் ஏற்பட்டிருந்த மாற்றம் நாறிய பகுதியின் மாற்றத்தைவிடக் கொடியதாக இருந்தது என்பதை அன்று கண்டோம்.

மாசுப் பட்டியலின் பயனும் குறையும்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் ஆறுகளில் மாசுபட்ட பகுதிகளைத் தரம் பிரித்து வெளியிடுகின்றது. 2018-ஆம் ஆண்டுப் பட்டியலில் 351 பகுதிகள் இருந்தன, 2022-இல் 311. தரம் பிரிக்கும் முறை எளிது. ஒரு லிட்டர் நீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் செரிப்பதற்கு எத்தனை மில்லிகிராம் பிராணவாயு தேவைப்படுகின்றது என்று அளக்கிறார்கள். 30-க்கு மேற்பட்டால் முதல் வரிசை. அதாவது உடனே கவனிக்க வேண்டியது. 3 முதல் 6 வரை இருந்தால் ஐந்தாம் வரிசை. 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் கூவம், அடையாறு, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி ஆகிய நம் மாநிலத்து ஆறுகள் முதல் வரிசையில் இருந்தன.

இப்பட்டியலால் பெரும்பயன் உண்டு. முன்னெல்லாம் “எங்கள் ஆறுதான் மிகவும் கெட்டது” என்று மாவட்டத்துக்கு மாவட்டம் வாதிட்டார்கள்; இப்போது ஓர் எண் இருக்கிறது. ஆயினும் இந்த எண் அளப்பது நீரின் அழுக்கை மட்டுமே. நீரே வராமற்போன ஆற்றை அது அளப்பதில்லை. 60 அடி அகலம் 20 அடியாகச் சுருங்கியதை அளப்பதில்லை. ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே அறுந்துபோன தொடர்பை அளப்பதில்லை. கூவத்தின் கதையிலேயே இதைக் காணலாம். கேசாவரம் அணைக்கட்டில் நீரைத் திருப்பி, 1944-இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோவதற்கு வழி செய்தோம். நகரம் குடிக்க நீர் வேண்டியிருந்தது, அது குற்றமன்று. ஆனால் மேலேயிருந்து வரும் நன்னீர் குறைந்த ஆற்றில் கீழே விழும் சாக்கடை மட்டுமே மிஞ்சும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே அழுக்கு நோயின் அறிகுறி. நோயின் ஒரு பாதி நீரின்மை.

நொய்யலாற்றில் இதற்கு எதிரிடையான பாடம் கிடைக்கின்றது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில், திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கியது. அணையில் நீர் இருந்தது. வயலுக்கு விடத் தகுதியற்றதாக இருந்தது. 2011-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டதன் பின்னரே கழிவை முழுமையாகச் சுத்திகரிக்கும் வேலை முடுக்கம் பெற்றது. அங்கே ஆற்றுப் படுகையில் எத்தனை முறை தூர் வாரினாலும் பயன் ஏற்பட்டிராது. காரணம் ஆற்றில் இல்லை, பட்டறையில் இருந்தது.

மிகவும் கெட்டதுதான் முதலா?

இங்கேதான் கருத்து வேறுபாடு எழுகின்றது. என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மிகவும் கெட்ட ஆறு வேறு, சீரமைப்பை மிகவும் வேண்டி நிற்கும் ஆறு வேறு. முற்றிலும் கல்லும் சிமெண்டுமாகிவிட்ட, இருபுறமும் அடுக்குமாடிகள் நிற்கும் ஒரு நகரக் கால்வாயில் எவ்வளவு பணம் கொட்டினாலும் மீட்கக்கூடியது சிறிது. பாதி கெட்டு, பாதி புறம்போக்காகவே இன்னும் கிடக்கும் ஓடையில் அதே பணம் பன்மடங்கு வேலை செய்யும். அதுமட்டுமன்று, முதலாவது இன்னும் பத்து ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருக்கும். இரண்டாவதோ அடுத்த ஆண்டே மனைப்பிரிவாகிவிடும்.

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் கிசிமி என்றோர் ஆறு. 103 மைல் வளைந்து வளைந்து ஓடியதை, வெள்ளத் தடுப்புக்கென்று 1962 முதல் 1971 வரை வேலை செய்து 56 மைல் நேர்க் கால்வாயாக்கினார்கள். சதுப்பு வற்றிற்று, நீர்ப்பறவைகள் அற்றுப்போயின. தவற்றை உணர்ந்து 1999-இல் மீட்கத் தொடங்கி 2021-இல்தான் வேலையை முடித்தார்கள். முழு நீளத்தையும் அவர்கள் மீட்கவில்லை. மேற்கோடியிலும் கீழ்க்கோடியிலும் குடியிருப்புகளுக்கு வெள்ளப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. ஆகவே நடுப்பகுதியைத் தேர்ந்து, சுமார் 22 மைல் கால்வாயை மண்ணிட்டு மூடிப் பழைய வளைவுகளில் நீரை விட்டார்கள். ஆறு தானே திரும்பி வரக்கூடிய இடத்தை அவர்கள் தேடினார்கள். டச்சுக்காரர்களும் 1993, 1995 வெள்ளங்களுக்குப் பின், கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டு, முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு அகலம் கொடுத்தார்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது உயிர். ஆண்டுதோறும் மனிதர் முழுகும் இடம், கழிவுநீர் குடிநீர்க் கிணற்றில் கலக்கும் இடம் ஆகியவற்றில், “மீளுமா, மீளாதா” என்று நிறுத்துப் பார்ப்பது தகாது. அவற்றை முதலில் எடுத்தே தீரவேண்டும்.

நான் செய்த பிழை

பத்தாண்டுகளுக்கு முன் வேறோர் ஒன்றியத்தில் பணியிலிருந்தபோது நான் ஒரு தவறு செய்தேன், ஊர்ப்பெயர் வேண்டா. ஓடைகளுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றை ஆர்வத்தோடு வகுத்தேன். ஆக்கிரமிப்புக்கு ஐந்து, தூருக்கு ஐந்து, செடிகொடிக்கு ஐந்து, கழிவுக்கு ஐந்து என்று போட்டுக் கூட்டி, மொத்தம் மிகுந்த ஓடையை முதலில் எடுத்துக்கொண்டோம். வேலை நேர்த்தியாகவே நடந்தது. 20 அடி அகலம், 4 அடி ஆழம். புகைப்படமும் எடுத்தோம்.

கார்த்திகை மழையில் அந்நீர் முழுவேகத்தோடு கீழே இறங்கிற்று. அரை மைலுக்கு அப்பால் ஒரு கிராமச் சாலையின் அடியில் மூன்று அடி விட்டமுள்ள இரண்டு குழாய்களைப் புதைத்துச் சிறுபாலம் அமைத்திருந்தார்கள். கணக்குப் பாருங்கள். ஓடையின் குறுக்களவு 80 சதுர அடி. இரண்டு குழாய்களும் சேர்ந்து 14 சதுர அடி. ஐந்தில் ஒரு பங்குகூட நிறைவாக இல்லை. முன்பெல்லாம் தூர்ந்து கிடந்த ஓடையில் மெல்ல மெல்ல வந்த நீர், இப்போது ஒரே இரவில் வந்து பக்கத்து ஊராட்சியின் நடவு வயலில் ஏறிக்கொண்டது. மறுநாள் முதிய விவசாயி ஒருவர், “ஐயா, மேலே வாரினீர்களே, கீழே என் வயலைக் கேட்டீர்களா?” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அச்சிறுபாலம் இருந்த ஓடைப்பகுதி என் பட்டியலில் கடைசியில் இருந்தது. தூர் இல்லை, கழிவு இல்லை, ஆக்கிரமிப்பும் இல்லை. ஒரே ஒரு குறைதான்; அந்த ஒன்றே மற்றனைத்தையும் விடப் பெரிது. மதிப்பெண்களைக் கூட்டினால் பெரிய குறை சிறிய குறைகளின் கூட்டத்தில் மறைந்துவிடும். அன்று முதல் நான் கூட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் தனியே வைத்துப் பார்க்கிறேன்.

பார்க்கும் முறை

ஒரு நாள் வேலைதான். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டுப் பெற்று, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூத்த விவசாயி ஒருவரை, கூடுமானால் பழைய நீர்பாய்ச்சி ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். ஏரியின் கலங்கலில் தொடங்கி, ஓடை அடுத்த ஏரியிலோ ஆற்றிலோ சேரும் இடம் வரை நடக்க வேண்டும். ஊராட்சி எல்லைக் கல்லில் நின்றுவிடலாகாது. பதிவேட்டில் உள்ள அகலத்தையும் தரையில் உள்ள அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாலத்தின் திறப்பையும் அளவெடுங்கள். இந்நடையைப் புரட்டாசியில் ஒருமுறையும், மழை கொட்டும் நாளில் ஒருமுறையும் செய்வது நன்று. வறண்ட ஓடை மறைக்கும் பலவற்றை ஓடும் நீர் காட்டிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். ஓர் ஊராட்சியில் மூன்று ஓடைகள். முதலாவது பேருந்து நிறுத்தத்துக்கு அருகே கருத்து நாறுகின்றது. இரண்டாவது ஏரி வரத்துக் கால்வாய். பாதி அடைபட்டாலும் புறம்போக்கு நிலம் இன்னும் காலியாகவே கிடக்கின்றது. மூன்றாவது பார்வைக்குச் சுத்தமானது. ஆனால் ஒரு குடியிருப்புக்கு மேலே அதன் சிறுபாலம் குறுகலாக இருக்கின்றது. எதை எடுப்பது?

மூன்றாவதன் பாலத்தை அகலப்படுத்துவது முதல் வேலை, அப்பாலத்துக்குக் கீழே ஓடையின் கொள்ளளவு போதுமா என்று பார்த்த பிறகு. இரண்டாவதற்கு இவ்வாண்டு பெரும்பணம் வேண்டா. நில அளவரை அழைத்து எல்லைக் கற்களை நட்டு, கரையில் பனை விதைத்தாலே போதும். நிலம் கையைவிட்டுப் போகாமல் நின்றால், தூர் வாருவதை அடுத்த ஆண்டும் செய்யலாம். முதலாவதில், கழிவு எக்குழாயிலிருந்து வருகின்றது என்று கண்டு அதை நிறுத்தும் வரை ஒரு கூடை மண்கூட அள்ள வேண்டா. பேருந்து நிறுத்தத்தில் நிற்போர் முறையிடுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ள ஊராட்சித் தலைவருக்கு மனவுறுதி வேண்டும். இதை எழுதுவது எளிது, செய்வது கடினம் என்பதை நான் அறிவேன்.

ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு உட்பட்ட ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்தவை. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சார்ந்தவை. எனவே எந்த ஏரிக்கு எவரிடம் மனுச் செய்வது என்பதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். வேலூர் மாவட்டத்தில் பாலாற்றின் துணையாறாகிய நாகநதியில், 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தின்கீழ்க் கிராமப் பெண்களே ஆயிரக்கணக்கில் இறங்கி, நீர்செறிவுக் கிணறுகளும் கல் தடுப்புகளும் அமைத்தார்கள். ஊர் தன் கையால் செய்யக்கூடிய அளவில் உள்ள ஓடையைத் தேர்ந்ததும் அவ்வேலை நடந்தேறியதற்கு ஒரு காரணம்.

கடினமான ஒரு பகுதியைத் தொடாமல் விட முடியாது. ஓடைப் புறம்போக்கில் இருப்பவர்கள் எல்லோரும் நிலம் பிடிப்பவர்கள் அல்லர். வேறு போக்கிடம் இல்லாமல் குடிசை போட்டவர்களும் உண்டு. சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய வளாகங்களும் உண்டு. அளவு நாடா இருவரையும் ஒன்றாகவே அளக்க வேண்டும். குடிசையை மட்டும் அளந்துவிட்டு மதிலருகே சுருட்டிக்கொள்ளலாகாது. கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்குப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் வீடு கொடுக்கப்பட்டது. அவை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்து ஊர்கள். மழைக்காலத்தில் நீர் சூழ்வது அங்கேயும் உண்டு. ஓர் ஆற்றின் தாழ்நிலத்திலிருந்து மற்றொரு நீர்நிலையின் தாழ்நிலத்துக்கு மக்களை மாற்றுவதைச் சீரமைப்புக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? எம்மைப் போன்ற அதிகாரிகள்தாம் இதற்கு முதலில் விடை சொல்ல வேண்டும். மாற்றிடம் மேட்டு நிலமா என்பதை உறுதி செய்யாமல் எந்த ஓடையையும் பட்டியலின் தலையில் ஏற்றுவதற்கு நான் இப்போது கையெழுத்திடுவதில்லை.

மார்ச் 22-ஆம் தேதி உலகத் தண்ணீர் நாளன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகின்றது. ஓடைகளைப் பற்றிப் பேசுவதற்கு ஏற்ற நாள் அது. அன்று வரும் உறுப்பினர்கள் தத்தம் ஓடையைப் பற்றி மூன்று எண்களையாவது தாளில் குறித்துக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்: பதிவேட்டில் உள்ள அகலம், தரையில் உள்ள அகலம், கீழே உள்ள முதற் பாலத்தின் திறப்பு.